மிச்சத் திரிபோஷா

இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிருஷ்ணகுமாரி பிள்ளைமடுவத்து ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் இருபது பிள்ளைகளுக்கும் பகலெல்லாம் அவள்தான் அம்மா. சாயங்காலம் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போய்விடுவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை.

பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சத்துமா திரிபோஷா. சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிப்பாள். அதுகள் பாதி தின்று பாதி வைக்கும். மிச்சமெல்லாம் ஆயா வாய்க்குத்தான். பசியா? பசியுமில்லை, ஒரு மண்ணுமில்லை! வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கும் இதே பொட்டலத்தைத்தானே கொடுக்கிறார்கள், தின்றால் தனக்கும் தங்கும் என்று அவளாகவே கணக்குப் போட்டுவிட்டாள், பாவி மகள்.

2004இல் இரத்தினபுரி கிளினிக்கில் தராசு தொண்ணூற்றாறு கிலோ காட்டியது. மாதவிலக்கோ நாலு மாதத்துக்கு ஒருதரம் வந்தால் பெரிசு. உருண்டைக் கதையை வெட்கத்தோடு சிங்களத்தில் சொன்னாள். டொக்டரம்மா சிரிக்கவில்லை.

"அது புள்ள தங்கினப்புறம் சாப்பிடுறது. முதல்ல பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, மருந்து பிறகு பார்ப்போம்" என்றார், அதே சிங்களத்தில்.

"மருந்து கேட்டுப் போனா நடக்கச் சொல்றாங்களேங்க!" என்று வீட்டில் வந்து அழுதாள்.

"நடப்போம் புள்ள, நானும் வாறேன்" என்றான் புருஷன் இந்திரகுமார்.

விடியலில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு முன்னால், இருவரும் லயத்து வீட்டிலிருந்து தேயிலை ஸ்டோர் வரை மேடேறி நடந்தார்கள். "என்னா ஆயா, பஸ்ஸத் தள்ளவா போறீங்க?" என்று லயமே சிரித்தது. சிரிக்கட்டுமே! சாயத் தேத்தண்ணிக்குச் சீனி நின்றது. மூன்று ரொட்டி ஒன்றாயிற்று. மிச்ச உருண்டை மடுவத்துக் கோழிக்குப் போனது, அது கொழுத்த கொழுப்பைப் பார்க்கணும்.

ஏழு மாதத்தில் பத்து கிலோ போயிற்று. ஒரு மாத்திரையும் விழுங்குமுன்பே மாதவிலக்கு மாதம் தவறாமல் வந்தது. அட, இந்த உடம்பு பேச்சுக் கேட்குமா என்று அவள் மலைத்துப்போனாள். அத்தனை வருஷம் சண்டைபோட்ட உடம்பைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது. அப்புறம்தான் டொக்டர் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் மாதம் நாள் தள்ளிப்போனது. கிளினிக்கிலும் உறுதி சொன்னார்கள்.

மறுவாரம் மருத்துவிச்சி நிலுஷா மடுவத்துக்கு வந்து பிள்ளைகளைத் தராசில் நிறுத்துவிட்டு, திரிபோஷாவில் இரண்டு பொட்டலத்தை எடுத்து ஆயா கையில் வைத்தாள். கிருஷ்ணகுமாரி பதறித் தள்ளினாள்.

"வேணாம் மிஸி, டொக்டர் திங்கக்கூடாதுன்னாங்க."

"இது மிச்சம் இல்ல அக்கே. உங்க பேருக்கு வந்தது."

இருபது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஆயா பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.