மூன்றாம் மெஷினின் சூடு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் கம்ப்யூட்டர் விஷயத்தை எழுத வருவது சரியில்லைதான். அதைச் செய்தவர்கள் படித்தவர்கள். அவர்கள் எழுதுவதுதான் முறை. எனக்கு நாலு பேர் முன்னால் பேசவும் வராது. இதில் என் தப்பு ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி லேபில் கான்ட்ராக்ட் வேலை. ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ். போய்ச் சேரும்போதே உடம்பு பாதி நாளை முடித்திருக்கும். லேப் குளிரும், மெஷின்களின் இரைச்சல் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருக்கும். மூன்று பெரிய கம்ப்யூட்டர் மெஷின்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர் கம்பியை ஒட்டியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே உள்ள மீட்டரில் சூட்டைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

அந்த ரிஜிஸ்டர் ஒரு மேடத்துக்காக. மதுரைப் பக்கத்துக்காரர், என்னைவிட ரொம்பச் சின்னவர். மெஷினிலேயே சூட்டை அளக்கும் சென்சார் உண்டு. அது கொடுக்கும் எண் அப்படியே பார்த்தால் யாருக்கும் புரியாது. அதை டிகிரியாக மாற்றி, எந்தப் புரோகிராம் கேட்டாலும் கிடைக்கும்படி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு ஃபைலாக வைப்பது மேடத்தின் வேலை. மாற்றும் கணக்கு சரியா என்று என் எண்ணோடு ஒத்துப் பார்ப்பார்.

“உங்க ரிஜிஸ்டர்தாண்ணே எனக்கு வேதம். கையெழுத்தும் எங்க லீடரவிட நல்லாருக்கு” என்பார். நான் குனிந்துகொள்வேன்.

ஒரு நாள் மூன்றாம் மெஷினின் கம்பி அறுந்துவிட்டது. மீட்டரில் வெறும் கோடு. கட்டத்தைக் காலியாக விட்டேன். சூப்பர்வைசர் கன்னடக்காரர். ரிஜிஸ்டரை விரலால் தட்டினார்.

“ஆடிட்ல காலிக் கட்டத்தப் பாத்தா என்னைத்தான் கேப்பாங்க. ஏனாதரூ, ஏதாவது ஒண்ணு போடுப்பா.”

“கம்பி, சார்...”

“கம்பி வரும். நீ கட்டத்த ரொப்பு.”

முந்தின நாள் எண்ணையே எழுதினேன். நாற்பத்தொன்று. சந்தேகம் வராமலிருக்கச் சில தடவை நாற்பது. பதினோரு நாள் ஆகியும் கம்பி வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் மேடம் சந்தோஷமாக வந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது.

“மூணாவது மட்டும் அஞ்சு டிகிரி கூடவே காட்டுச்சுண்ணே. பத்து நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டேன். கடைசில கணக்குல அஞ்சக் கழிச்சிட்டேன். இப்ப உங்களோட ஒத்துப்போகுது. திங்கக்கெழம கஸ்டமருக்குப் போயிரும்.”

அவர் போனதும் மூன்றாம் மெஷினின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். மற்ற இரண்டைவிடச் சுட்டது. கம்பி அறுந்த பிறகு சூடு ஏறியிருக்கிறது; சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. சூடு எல்லை தாண்டினால் மெஷின் தானாக நிற்க வேண்டும். ஐந்தைக் கழித்தால் நேரத்துக்கு நிற்காது. சொன்னால் என் வேலை போகும். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

மத்தியானம் வரை அவர் சீட் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். அவரே பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரு மாதிரி நிக்கிறீங்க?”

“மேடம், அந்த நாப்பத்தொண்ணு... நான் பாத்து எழுதல. கம்பி அறுந்துபோச்சு.”

“எப்ப?”

“பதினோரு நாளாச்சு.”

“அறுந்துருச்சுன்னு எழுதக்கூடாதாண்ணே?”

“காலியா விடக்கூடாதுன்னாங்க.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியைத் தேய்த்தார். “நானும் அதத்தான் பண்ணி வச்சிருக்கேன். சென்சார் பதில் சொல்லலேன்னா, கடைசியா வந்த நம்பரையே ஃபைல்ல குடுக்குது.”

அன்று அவர் ஐந்தைக் கழித்த வரியை எடுத்தார். சென்சார் பதில் சொல்லாவிட்டால் எண்ணே தராமல், படிக்க முடியவில்லை என்று சொல்லும்படி மாற்றினார். நான் பக்கத்தில் நின்றேன்; உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“ஏன் மாத்துனேன்னு மெயில்ல காரணம் எழுதணும்ணே. உங்க விஷயமும் வரும்.”

“எழுதுங்க மேடம்.”

மறுநாள் என்னை லேபிலிருந்து எடுத்து, கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலையில் போட்டார்கள்.