இரண்டு தகடும் மருதைக் கோபுரமும்

அன்றைக்கு இருந்தவர்கள்.

அம்மா. தொண்டையில் கட்டி. இட்லியைக்கூடக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

மாமன். அம்மாவின் தம்பி. என் சம்சாரத்தைப் பெற்றவரும் அவர்தான். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும்.

என் சம்சாரம். தூக்குச்சட்டியில் அம்மாவுக்குக் கஞ்சி வைத்திருந்தாள்.

நான். சின்னமனூரில் வயல்வேலை. படிப்பு மூணாங்கிளாஸ்.

போட்டோக்காரர். மருதைக்காரர். பெட்டியை அவர் தூக்கினார். முக்காலியை என் தோளில் வைத்தார்.

அண்ணன் இல்லை. அவர் பட்டாளத்தில் இருந்தார். அவருக்காகத்தான் நாங்கள் இந்தக் காரியத்தில் இறங்கினது.

அவரிடமிருந்து ஒரு காகிதம் வந்திருந்தது. எந்த ஊரில் இருக்கிறார் என்பதை மையால் அடித்திருந்தார்கள். மிச்சத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அம்மா முகம் சரியாக நினைப்புக்கு வரமாட்டேன் என்கிறது. இங்கே எல்லாரும் தாய் தகப்பன் படம் வைத்திருக்கிறார்கள். அம்மாவைப் படம் பிடித்து அனுப்பு. பின்னால் மருதைக் கோபுரம் தெரிய வேண்டும். பாண்டியராசா இருந்த ஊர்ப்பக்கம் என் ஊர் என்றால் ஒருத்தனும் நம்பவில்லை."

எப்படியும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்றார் மாமன். யுத்தத்துக்கென்று தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டதால் ரயில் இல்லை. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்தான். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. அம்மாவை மட்டும் உள்ளே விட்டுவிட்டு நாங்கள் இறங்கித் தள்ளினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "வீட்டுக்குக் கூட்டிப் போங்க. கேட்டதைக் கொடுங்க" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாமனிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு படம் ஒன்றுதான் எங்களால் ஆகிற காரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் போட்டோக்காரரைப் பிடித்தோம். கடைக்குள் ஒரு திரை தொங்கியது. அதில் வெள்ளைக்காரன் பங்களாவும் படிக்கட்டும் வரைந்திருந்தது. அங்கேயே உட்காரச் சொன்னார். கோபுரம் வேண்டும் என்றோம்.

"யுத்த காலம். கண்ணாடித் தகடு வர்றதில்ல. ரெண்டுதான் இருக்கு. மூணாவது கேட்டா நான் எங்க போக?" என்றார்.

முதலில் கீழக் கோபுரத்துக்கு எதிர்த் தெரு. காலை வெயில் கோபுரத்தின்மேல் நேராக விழுந்தது. இதைவிட நல்ல இடம் கிடையாது என்றார். முக்காலியை ஊன்றினேன். அம்மாவைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி, பெட்டியைப் பார்க்கச் சொன்னார்.

அம்மா திரும்பவில்லை.

"ஆத்தா, இங்கன பாருங்க."

"அவளுக்கு முதுகைக் காட்டச் சொல்லுதியா?" என்றாள் அம்மா. குரல் காற்று மாதிரி வந்தது. "சீக்கோட வந்திருக்கேன். இந்த நேரத்துல முதுகைக் காட்டவா?"

அவள் என்றது கோயிலுக்குள் இருக்கிற அம்மனை. சாமிக்கு முதுகு காட்டாதது எங்கள் பக்கத்துப் பழக்கம். சாமி கும்பிட்டுவிட்டு வரும்போதுகூட நாலடி பின்னாலேயே நடந்துவந்துதான் திரும்புவோம். அண்ணன் காகிதத்தைப் படித்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. மாமனுக்கும் உறைக்கவில்லை.

மாமன் ஒரு யோசனை சொன்னார். "எல்லாரும் கோபுரத்தைப் பாத்து நிப்போம். நீரு எங்களுக்கு முன்னால வந்து பிடியும்."

"அப்ப கோபுரம் எனக்குப் பின்னால இருக்கும். அதை யாரு பிடிக்கிறது? உங்க குடையா?"

என் சம்சாரம் சிரித்துவிட்டாள். மாமன் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அம்மா பக்கவாட்டில் நிற்கச் சம்மதித்தாள். முகத்தை மட்டும் பெட்டிப் பக்கம் திருப்பினாள். "மூடியைக் கழட்டுவேன். மூணு எண்ணுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்றார் போட்டோக்காரர். மாமன் தன் பங்குக்கு, "அக்கா, மூச்சும் விடாத" என்றார். அம்மா மூச்சைப் பிடித்தாள். இரண்டு எண்ணும்போது இருமல் வந்துவிட்டது. குனிந்து குனிந்து இருமினாள். என் சம்சாரம் தாங்கிப் பிடித்தாள்.

"போச்சு" என்றார் போட்டோக்காரர்.

"நீ எதுக்குப்பா மூச்சு விடாதன்னு சொன்னே? நீ பிடிச்சுப் பாரேன்" என்று என் சம்சாரம் மாமனைக் கேட்டாள். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ராசா அரண்மனை. அங்கே தூண் ஒவ்வொன்றும் நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அளவு. மாமனுக்கு அதுவே போதும் என்று தோன்றிவிட்டது. ஆனால் அங்கே கோர்ட் நடந்தது. டவாலி போட்ட கோர்ட் சேவகர் எந்த வழக்கு என்று கேட்டார். வழக்கு இல்லை, படம் பிடிக்க என்றோம். வாசலைக் காட்டினார்.

வைகைக்குப் போனோம். அக்கரை மணலில் நின்று பார்த்தால் நாலு கோபுரமும் சின்னதாகத் தெரிந்தன. "இம்புட்டுத் தூரத்துல அவ பாக்க மாட்டா, ஆத்தா" என்றேன்.

"அப்ப இங்கன இருந்து கும்பிட்டா மட்டும் அவளுக்குத் தெரியுமோ?" என்றாள்.

முக்காலியை விரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு போலீஸ்காரர் மணலில் இறங்கி வந்தார். யுத்த காலத்தில் பாலத்துப் பக்கம் படம் பிடிக்கக் கூடாதாம். எடுத்துக் கட்டினோம். அம்மாவை நிழலில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தோம். மூன்று மிடறு இறங்கியது. நாலாவது வெளியே வந்தது.

"நாளைக்குப் பாத்துக்கிடலாமே" என்றாள் என் சம்சாரம். நாளைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அதையும் விடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மா கேட்கவில்லை. "என்னைய ஊருக்குக் கொண்டுபோ. இங்கன கிடக்க மாட்டேன்" என்றாள். டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

சாயங்காலம் போட்டோக்காரரே ஒரு இடம் சொன்னார். கோயிலுக்கு மேற்கே அவருக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டு மொட்டைமாடி. அம்மாவை நானும் மாமனும் கைகோத்துத் தூக்கினோம். ஒரு கோழிக்குஞ்சின் கனம்தான் இருந்தாள். மேலக் கோபுரம் எதிரே நின்றது. மேற்கு வெயில் அதன்மேல் விழுந்து ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியாகத் தெரிந்தது. கோபுரம் அம்மாவின் இடது தோளுக்கு அப்பால் வரும்படி போட்டோக்காரர் அவளை நிறுத்தினார். முதுகு கைப்பிடிச் சுவர்ப் பக்கம். கோபுரத்துக்குப் பக்கவாடு. அவள் விழாமலிருக்க எங்கள் மூவரையும் அவள் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"இது முதுகு இல்லைல்ல?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல ஆத்தா. தோளு" என்றார்.

அம்மா தலையசைத்தாள். சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். வெள்ளைச் சீலை. அண்ணன் பட்டாளத்துக்குப் போகும்போது அப்பா இருந்தார். அவளை இந்தச் சீலையில் அண்ணன் பார்த்ததில்லை.

மேகம் ஒன்று வந்து வெளிச்சம் குறைந்தது. "இப்ப அஞ்சு எண்ணணும். மூச்சு விடலாம். அசையக் கூடாது. அசைஞ்சா இனித் தகடு இல்ல" என்றார். மூடியைக் கழற்றினார். கண்ணைக் கையிலிருந்த கடிகாரத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு."

கோயிலில் மணி அடித்தது.

அம்மா திரும்பிவிட்டாள். எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கடைக்கண்ணில் தெரிந்தது. கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா, இங்கன பாரு" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அசையக் கூடாது என்றிருந்தார்கள். நான் அசையவில்லை. மாமன் அசையவில்லை. என் சம்சாரமும் அசையவில்லை.

இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

போட்டோக்காரர் மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அம்மாவின் முதுகைப் பார்த்தார். முக்காலியின் கால்களை மடக்கினார்.

"அக்கா, என்ன பண்ணிட்டே?" என்றார் மாமன்.

"மணியடிச்சா எப்பிடிடா பாக்காம நிக்க?" என்றாள் அம்மா.

படம் தபாலில் வந்தது. அப்போது அம்மாவுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "கோபுரம் நல்லா இருக்கு" என்றாள். அப்புறம், "நான் எங்கன?" என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமன் தேனிக்கும் போடிக்கும் போய்த் தகடு வைத்திருக்கிற போட்டோக்காரர் யாராவது உண்டா என்று விசாரித்தார். இரண்டு நாள் அலைந்தார். ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தோம். குடையை மடக்காமலே பந்தலுக்குள் வந்தார்.

படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். கூட எழுத வேண்டியதை எழுதத் தெரியவில்லை. அம்மா தவறிவிட்டாள் என்று மட்டும் எழுதினேன்.

யுத்தம் முடிந்து அண்ணன் வந்தார். படம் அவர் பையில் இருந்தது. ஓரம் தேய்ந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் காட்டித்தான் கேட்டார்.

"பக்கத்துலதான நிக்கிறே? ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்ல?"

"அசையக் கூடாதுன்னு சொன்னாக."

அண்ணன் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே போட்டோக்காரரின் ரப்பர் முத்திரை இருந்தது. என்னிடமே கொடுத்துவிட்டார்.

இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. கோபுரம் பொம்மை பொம்மையாக விழுந்திருக்கிறது. குடைகூடத் தெளிவு. அம்மாவின் தலைக்கு ஓரமாக, அவள் திரும்பின இடத்தில், புகை மாதிரி ஒரு கோடு.

ஆள் நான்கு. முகம் மூன்று.