கரி படியாத கறுப்பு

என் மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரித் துண்டுதான். கொல்லிமலையில் அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு முதன்முதல் போனபோது வீட்டுக்கார அம்மாவிடம் இதைத்தான் கொடுத்தேன். அவர் விலை கேட்கவில்லை, கறை பிடிக்குமா என்றும் கேட்கவில்லை. ஆள்காட்டி விரலால் கல்லை அழுந்தத் தேய்த்துவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தார். "கரி ஒட்டல. ஆனாலும் இந்தக் கறுப்புத்தான் கண்ணு" என்றார்.

சேலத்தில் சமையலறை வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கறுப்புச் சமையலறை இப்போது எல்லோரும் கேட்கிற மோஸ்தர். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில், மாமனார் காலத்து வீட்டில், எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைதான் நிலைத்தது. வெயில் இறங்கியதும் அவருடைய கணவர் கம்பளிக் குல்லாயும் கையில் குடையுமாக வாசலில் வந்து நின்றார். "நேரமாச்சு, வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். அவர் நின்றதே அவர் பிறந்த வீட்டு வாசலில்.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அந்த வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் எல்லா அறைக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடுப்படிச் சுவரை மட்டும் தொடமாட்டார்கள், அது கரி படிந்து கறுத்தே கிடக்கும். அடுப்புக்கு மேலே விதைத் தினைக் கதிர்கள் புகையில் தொங்கும். அடுப்படி வெளுத்தால் விதைக்கு ஆகாது என்பது மாமியாரின் தீர்மானம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், அம்மா புகையில் கஷ்டப்படுகிறாரே என்று அதையெல்லாம் இடித்து வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டார். "அன்னியிலிருந்து அவருக்கு இது ஊடு இல்லீங்க, ஆசுபத்திரி. எங்க ஊட்டுக்காரர எப்படியாச்சும் ஊட்டுக்குக் கூட்டியாந்து உட்ரு சாமி" என்றார். இத்தனை வருடத் தொழிலில் யாரும் என்னிடம் அப்படி ஒரு வேலை கேட்டதில்லை. முடியும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மழை விட்டபோதெல்லாம் வேலை நடந்தது. டைல்ஸை உரித்துவிட்டு, கறுப்புக் கலந்த சுண்ணாம்பைப் பளபளப்பில்லாமல் பூசினோம். மேடைக்கு இந்தக் கல். அலமாரிக் கதவுகளும் கறுப்பு. "பேய்க்கு ஊடு கட்றோங்களா மேடம்?" என்று ஆசாரி கேலி செய்துகொண்டே இருந்தார். கேஸ் அடுப்புக்கு மேலே பலாமரச் சட்டம் ஒன்று வைத்து, தினைக் கதிர்களை அம்மாவே கட்டித் தொங்கவிட்டார்.

வேலை முடிந்த அன்று அம்மா தன் கணவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தார். ஐயா கதிர்களை அண்ணாந்து பார்த்தார். சுவரை விரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார். "எங்கம்மா இன்னிக்கு அடுப்புப் பத்த வெக்கலையாட்ட இருக்குது" என்றார். குடையை மூலையில் சாத்திவிட்டுக் குல்லாயைக் கழற்றினார். அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு ஐயா அம்மாவைப் பார்த்து, "ஏனுங்க, நிக்கறீங்களே, உக்காருங்க. எங்கம்மா காட்டுக்குப் போயிருக்குது, வந்ததும் காப்பி வெச்சுத் தரும். உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார்.

அம்மா என் கையை விட்டுவிட்டார். "பேளுக்குறிச்சிங்க" என்றார். அதுதான் அவர் பிறந்த ஊர், மலையடிவாரத்தில் இருக்கிறது.

"அட, அங்கதான் எனக்குப் பொண்ணு பேசியிருக்காங்க."

"பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?"

ஐயாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "நான் இன்னும் பாக்கலீங்க. அம்மாதான் பாத்துட்டு வந்துச்சு."

அம்மா திரும்பி அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கி வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை, நான்தான் அணைத்தேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் ஐயா போய்ச்சேர்ந்தார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அம்மா அந்த மேடை ஓரம்தான் உட்கார்ந்திருந்தார். கதிர்கள் அப்படியே தொங்கின, புகை இல்லாததால் சிலவற்றில் பூச்சி விழுந்திருந்தது. "ஊட்டுக்குப் போலாம்னு அப்புறம் ஒரு நாளும் கேக்கல கண்ணு. அந்த மட்டும் நிம்மதியாப் போனாரு" என்றார். மேடையில் உதிர்ந்திருந்த தினையைக் கையால் ஒதுக்கியபடி, "நாந்தான் கடைசி வரைக்கும் பேளுக்குறிச்சியிலயே இருந்துட்டேன்" என்றார்.

இப்போது வருகிறவர்கள் இந்தக் கல்லைத் தடவிவிட்டு, விரல் தடம் விழுமா என்று கேட்கிறார்கள். விழும், துடைத்தால் போய்விடும் என்கிறேன். அவர்கள் போனபின் நானும் ஒருமுறை அழுந்தத் தேய்த்து விரலைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் ஒட்டியிருப்பதில்லை.