கணவாய் ஏறிய கரண்ட் ஃபேன்

இருபது வருடமாக லாரி ஓட்டும் உசிலம்பட்டி இருளாயி, டீசல் மிச்சமாகட்டும் என்று ஒரு காரியம் செய்தாள். ரேடியேட்டரைக் குளிர்விக்க இன்ஜினே சுழற்றிய பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும் மின்விசிறியை மாட்டினாள். குலத்துக்கே இழுக்கு என்று பொங்கினார் கொழுந்தனார் விருமாண்டி.

“மதினி, இது கல்யாண மண்டபத்துக்குத்தான் லாயக்கு. கணவாய்ல வண்டி கொதிச்சுச்சுன்னா சாவி எனக்கு.”

“கொதிக்கலைன்னா, என் வண்டியப் பத்தி இனி நீங்க வாயே தெறக்கக் கூடாது.”

மறுநாள் மதியம் நெல்மூட்டைகளோடு லாரி கணவாய் ஏறியது. கொதிக்கும் ரேடியேட்டருக்கென நான்கு குடம் தண்ணீருடன் விருமாண்டி மினிவேனில் பின்தொடர்ந்தார். உச்சியிலும் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. இருளாயி இறங்கி, அவர் குடத்துத் தண்ணீரில் நிதானமாக முகம் கழுவினாள்.

“மிச்சத் தண்ணிய வீணாக்காதீக. வண்டி தூசியாக் கெடக்கு, கழுவுங்க.”

ஒப்பந்தப்படி விருமாண்டி வாய் திறக்கவில்லை, கழுவினார்.