மாட்டு வியாபாரியின் மகளோடு ஒரு பேரம்

ஞானம்பிகைக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் துறைமுகத்தைப் பார்த்து நின்ற அந்தப் பழைய வீட்டை விற்றாயிற்று. வீட்டுக்கார அம்மா, எண்பது வயதுச் சிஞ்ஞோரா நோரா, அடுத்த மாதம் அயர்லாந்திலுள்ள தன் ஊருக்கே திரும்புகிறாள். பலெர்மோக்காரனைக் கட்டி இங்கே வந்தவள்; புருசன் போனபின் ஞானம்பிகைதான் அவளுக்குக் கையும் காலும். நீயும் வா, விசாவை அங்கேயிருக்கும் என் தம்பி பார்த்துக்கொள்வான் என்று ஒரு கிழமையாக நச்சரிக்கிறாள். இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

சிஞ்ஞோரா சொல்லிச் சொல்லி அந்த ஊர் மனப்பாடம். ஆற்றுக்கு ஒரே பாலம். அதனால் சுற்றுவட்டாரத்துத் தெருவெல்லாம் அங்கேதான் வந்து முட்டும். பாலத்தடியில் சந்தை. வெண்ணெயும் ஓட்ஸும் தோணியேறிய துறை. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது அதே துறையால் சனமும் போனது, போனவர்கள் திரும்பவில்லை. ரயில் வந்தது, துறை படுத்தது. பிறகு ரயிலும் நின்றது. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை மட்டும் நிற்கவேயில்லை.

காங்கேசன்துறை, வவுனியா, கொழும்பு, பலெர்மோ என்று காலில் சில்லுப் பூட்டி வந்தவளுக்கு இன்னுமோர் ஊர் பெரிதல்ல. ஆனால் சிஞ்ஞோராவின் தம்பி வீட்டில் அவளைவிட இன்னும் ஓர் ஆளுக்குத்தான் இடம். மகள் கேசிகாவைப் பலெர்மோவிலேயே, சீசாப் பகுதியிலுள்ள மச்சாள் வீட்டில் விடவேண்டும்.

"நீங்கள் போனால் நான் ஆரோடை படுக்கிறது?" என்று முதல்நாள் கேட்டிருந்தாள் கேசிகா.

"உன்னை விட்டிட்டு நான் எங்கையடி போறன்?"

சொல்லிவிட்டாளேயொழிய, அந்தப் பாலமும் சந்தையும் மனதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தன.

கடைசியில், வரவில்லை என்று சொல்லிப் பையை எடுத்தாள். லீவுக்கு மகளைக் கூப்பிடலாம் என்றாள் சிஞ்ஞோரா. ஞானம்பிகை மறுத்துப் படியிறங்கினாள். பாதிப் படியில் மேலிருந்து குரல் வந்தது: தம்பி வீடே வேண்டாம், சந்தையடியில் வாடகைக்கு எடுப்போம், மகளும் வரட்டும்.

ஞானம்பிகை ஏறி வந்தாள். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

"மாட்டு வியாபாரியின் மகள் நான், முதல் விலையிலேயே முடிப்பேனா? நீயும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டுதரம் விட்டுவிட்டுப் போனாயே."

தான் பேரமே பேசவில்லை என்பதை ஞானம்பிகை சொல்லவில்லை.

கிழவி உள்ளங்கையில் துப்பினாள். கையை நீட்டினாள். எங்கள் சந்தையில் இப்படித் துப்பிக் கையடித்தால் பிறகு மாற்றமில்லை என்றாள். பிறத்தியார் வாய்வைத்த கோப்பையையே தொடாத ஞானம்பிகை கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"நீயும் துப்பவேண்டும்."

துப்பினாள். கண்ணை மூடி ஓங்கி அடித்தாள்.

சீசாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தக் கையைத் துடைக்கவில்லை. துடைத்தால் பேச்சு முறிந்துவிடுமோ என்ற பயம்.