நாலாம் பிறையை நான் பார்த்துத்தான் எடுத்தேன்

இதை எழுத எனக்கு நான்கு வருடங்கள் பிடித்தன. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். பிழை பிழையாக எழுதினால் ஆட்கள் சிரிப்பார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அங்கே நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய மனிதரைப் பற்றி எழுதலாமா என்ற பயம் மறுபக்கம். பேனையை எடுப்பேன், சாமி அறைக்குப் போய் நிற்பேன், திரும்பி வந்து பேனையை மூடி வைப்பேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் என்னைப் பற்றி உலாவுகிற கதை இப்போது நான் செய்த காரியமாகவே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் உள்ள ஒரு மாடிக் கட்டடத்தில். கணவர் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறார். ஒரே மகள் அப்போது பாடசாலை வலைப்பந்து அணியில் விளையாடிக்கொண்டிருந்தாள். லண்டனில் இருக்கும் என் தம்பி ஒருமுறை வந்து போனபோது தன்னுடைய பழைய கமராவை விட்டுவிட்டுப் போனான். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி முழநீளத்துக்கு வெளியே வரும். தூரத்தில் உள்ளதைக் கிட்டக் கொண்டுவரும், கிட்ட உள்ளதை இன்னும் கிட்டக் கொண்டுவரும். பெறுமதியான பொருள் என்று அதைச் சாமி அறைத் தட்டில், விபூதிக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அது ஒரு பிழை என்று பிறகுதான் தெரிந்தது. பிழை என்பதா, அருள் என்பதா, அதை நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில் எடுத்தது விளக்குத் திரியின் கருகிய நுனியை. பெரிதாக்கிப் பார்த்தபோது அது மலைக்காடு எரிந்து அணைந்தது போல இருந்தது. நாள்தோறும் ஏற்றுகிற திரி, ஒருநாளும் பார்க்காத திரி. அன்றிலிருந்து கை நிற்கவில்லை. இடியப்பத் தட்டின் துளைகளில் ஆவி கட்டி நின்றதை எடுத்தேன். மீன் விற்க வருகிறவர் பேலியகொடை மீன் சந்தையில் இருந்து கொண்டுவந்த சூரையின் கண்ணை எடுத்தேன். அந்தக் கண்ணுக்குள் அவருடைய குடை கடுகளவாகத் தெரிந்தது. மகளின் போட்டிக்குப் போய், பந்தைப் பிடித்திருந்த விரல்களை மட்டும் எடுத்தேன். பந்தின் சின்னச் சின்னப் புள்ளிகள், சுண்டுவிரலில் பிளாஸ்டர், நகத்தில் பாதி அழிந்த மருதோன்றி.

"அம்மா, எல்லாற்ற அம்மாவும் முகத்தை எடுக்கினம். நீங்கள் என்ர நகத்தை எடுத்திருக்கிறியள்!" என்று மகள் கத்தினாள்.

"முகத்தை எல்லாரும் பாக்கினம் தானே. நகத்தை ஆர் பாக்கினம்?"

கமராவை நிறுத்தி வைக்க எனக்கு முக்காலி கிடையாது. இரண்டு கிலோ பச்சையரிசியைத் துணிப்பையில் கட்டி, மொட்டைமாடிச் சுவரில் வைத்து, அதற்குள் கமராவை அமுக்கி வைப்பேன். ஆடாது, அசையாது. மூச்சைப் பிடித்து ஒரு தரம் 'சிவாயநம' என்று மனதுக்குள் சொல்லிப் பொத்தானை அழுத்துவேன்.

எங்கள் வீட்டில் மூன்றாம் பிறை தொழுவது வழக்கம். அன்றும் அதற்காகத்தான் பின்னேரம் மேலே போனேன். சூரியன் கடலில் இறங்கி வானம் சாம்பல் நீலமாக இருந்த நேரம். கும்பிட்டுவிட்டுக் கமராவை நீட்டினேன். பௌர்ணமி நிலவை எடுத்துப் பாருங்கள், வெறும் வெள்ளித் தட்டு. பிறையில்தான் வெளிச்சம் சரிந்து விழும். அதன் உள்விளிம்பில் குழி குழியாக, ஒவ்வொரு குழிக்கும் தனி நிழலோடு, அம்மை போட்டு ஆறின கன்னம் போல நிலவு எனக்குத் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். அறுபது எழுபது படம் எடுத்திருப்பேன். பாதி மங்கல், சிலவற்றில் நிலவே இல்லை. நல்லதாக ஒன்றை மகள் உடனேயே தன் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள்.

கணவர் வேலையால் வந்து படத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"எந்தப் பஞ்சாங்கத்தைப் பாத்தனீர்?"

"எங்கட அம்மா வீட்டுத் திருக்கணிதத்தை."

"இந்த வீட்டில வாக்கியமெல்லோ! வாக்கியத்தில மத்தியானமே சதுர்த்தி துவங்கீற்றுது. நீர் எடுத்தது நாலாம் பிறை!"

நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். வீண்பழி வந்து சேரும் என்பார்கள். இரண்டு பஞ்சாங்கம் இருக்கிற வீட்டில் ஒரு நிலவே இரண்டு நிலவாகிவிடுகிறது. எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த நாள் காலை குளித்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கமராவில் இருந்த பிறைப் படங்கள் அத்தனையையும் அழித்தேன். வட்ஸ்அப்பில் போன ஒன்று மட்டும் மிஞ்சியது.

சில வாரங்களில் எங்கள் பகுதிச் சங்கம் ஒரு படக் கண்காட்சிக்குப் படங்கள் கேட்டது. 'கிட்டப் போய்ப் பார்' என்பது தலைப்பு. ஒருவர் ஐந்து படம் கொடுக்கலாம். திரி, தட்டு, மீன்கண், விரல்கள் நான்கும் இருந்தன. ஐந்தாவதாக மகள் பிறையைக் கொண்டுபோய் அச்சடிக்கக் கொடுத்தாள். படங்களை அழிக்க வைத்த பயம் எனக்கு அப்போது ஆறியிருந்தது. அந்த அழகை ஒளித்து வைக்க மனம் வரவில்லை.

அச்சடித்தவர் சந்தியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முஸ்லிம் ஐயா. கண்காட்சிக்கு நடுவரும் அவர்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, மேல இடப்பக்க மூலையில ஒரு அழுக்குப் புள்ளி ஈக்கி. அழிச்சிட்டு அடிக்கவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் ஐயா. இருந்தபடி இருக்கட்டும்," என்றேன்.

கண்காட்சிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேசையில் என் பிறை கிடந்தது.

"இது நீங்கள் எடுத்ததெண்டு எப்பிடி நம்புறது, தங்கச்சி? இப்பிடிப் படம் இன்டர்நெட்டில கொட்டிக் கிடக்கு. இப்ப போனே நிலாப் படம் கீறிக் குடுக்குதாம்."

"நான் கமராவால எடுத்தனான், ஐயா."

"அப்ப மற்றப் படங்களைக் காட்டுங்கோ. ஒண்டு சரிவர அம்பது எடுத்திருப்பியள்."

"அழிச்சுப் போட்டன்."

"ஏன்?"

"நாலாம் பிறை எண்டு பயந்து…"

அறையில் சிரிப்பு எழுந்தது. செயற்குழுவில் இருந்த ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீரோ! நாலாம் பிறை பாத்தா வீண்பழி வருமெண்டது சரியாப் போச்சு!"

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "அக்கா, வீண்பழி எண்டு நீங்களே சொல்லுறியள். அப்ப நான் பிறையைப் பாத்து எடுத்தது உண்மை. நான் களவாய் இறக்கின படமெண்டா எனக்கென்ன வீண்பழி? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ!"

செயலாளர் ஒரு தாளை நீட்டினார். 'இப்படம் என்னால் எடுக்கப்பட்டதல்ல' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் மற்ற நான்கும் சுவரில் ஏறும். போடாவிட்டால் ஐந்தும் இல்லை. நான் தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

"ஒரு படந்தானே, போட்டு விடுமன்," என்றார் கணவர்.

"சாமிக்கு விளக்கேத்திற கையால பொய் எழுதச் சொல்லுறியளோ?"

அன்று சாமி அறையில் இருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பழியை நிலவு கொண்டுவரவில்லை. என் கையில் இருந்த சாட்சியை நானே அழித்தேன், பயத்தில் அழித்தேன். பழி அந்த வழியாகத்தான் வந்தது. நாங்கள் கும்பிடுகிற சிவபெருமான் பிறையைத் தலையில் வைத்திருக்கிறார். அவர் தலையில் இருக்கிறதை என் கண் பார்த்தால் தோஷமா? அடுத்த நாள் செயலாளரிடம் போனேன்.

"வாற மாசம் கடற்கரைக்கு வாங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னால எடுத்துக் காட்டுறன். இந்தமுறை ரெண்டு பஞ்சாங்கத்திலயும் நாலாம் பிறையாய் இருக்கிற நாளைத்தான் தெரிஞ்செடுத்திருக்கிறன்."

"வேற நாள் இல்லையோ?" என்று முகத்தைச் சுளித்தார்.

"இருக்கு. எனக்கு வேண்டாம்."

குறித்த நாள் பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கறுப்புக் கற்கள் அடுக்கிய கரையில் நின்றோம். செயலாளர், அந்த அக்கா, ஸ்டூடியோ ஐயா, என் கணவர், மகள். சூரியன் போனதும் பிறை தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் தாமதம், செயலாளரும் அக்காவும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். கணவர் நான் கேட்காமலே அரிசிப் பையைக் கல்லில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார், கண்ணை இறுக்க மூடியபடி.

"கண்ணைத் திறந்தாக் குறைஞ்சோ போவியள்?" என்றேன்.

"நீர் எடும். நான் பிடிக்கிறன்."

எடுக்கத் தொடங்க ரயில் வந்தது. கல் எல்லாம் அதிர்ந்தது, முதல் பத்துப் படமும் கலங்கிப் போனது. செயலாளர் ஒழுங்கையைப் பார்த்தபடியே, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"திரும்பிப் பாத்தாத் தெரியும், ஐயா."

ஸ்டூடியோ ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "சாட்சி சொல்ல வந்த ஆக்களெல்லாம் முதுகக் காட்டுற! எங்கட ஆக்கள் பிறை பாக்கத்தானே கடலுக்கு வாற." அவர் வானத்தைப் பார்த்தார், கமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு பையில் கொண்டுவந்த என் பழைய அச்சுப்படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார்.

"செயலாளர் சேர், இங்க வாங்க. நிலவப் பாக்க வேணாம், படத்த மட்டும் பாருங்க. பழசுல மேல இடப்பக்க மூலையில இந்தப் புள்ளி. இப்ப எடுத்த எல்லாத்துலயும் அதே இடத்துல அதே புள்ளி. இது கமராக்குள்ள போன தூசு. இன்டர்நெட்டு நிலாவுல இந்தத் தங்கச்சிட தூசு எப்படி வரும்?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். மீன்கண் படத்திலும் அதே புள்ளி வெள்ளிச் செதிலில் இருந்ததை ஐயா அடுத்த நாள் காட்டினார். கமரா நெடுநாள் விபூதிக்குப் பக்கத்தில் இருந்ததல்லவா. கண்ணாடி நீண்டு மடங்கும்போது உள்ளே இழுத்திருக்கும் என்றார். வேறு தூசாகவும் இருக்கலாம். நான் விபூதி என்றே நம்புகிறேன்.

ஐந்து படமும் சுவரில் ஏறின. புதிய, தெளிவான பிறையைப் போடலாமே என்று செயலாளர் கேட்டார். பழையதைத்தான் போட வேண்டும் என்று நின்றேன், அந்தப் புள்ளியோடு. அடியில் என் கையால் எழுதினேன்: நாலாம் பிறை. பார்த்து எடுத்தது. அந்த அக்கா கண்காட்சிக்கு வந்து மற்ற நான்கையும் பார்த்துவிட்டு, ஐந்தாவதுக்கு முன்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்தபடி கடந்து போனார்.

அதன் பிறகு நான் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் பிறையைத் தொழுகிறேன், நாலாம் பிறையை எடுக்கிறேன். ஒரு படத்தையும் அழிப்பதில்லை, கலங்கியதைக்கூட. கமரா இன்னும் சாமி அறையில்தான் இருக்கிறது.

ஆனால் கதை கைமாறிப் போய்விட்டது. ஹெவ்லொக் டவுனில் ஒருவர், நான் கும்பிட்டதும் மேகம் விலகியது என்கிறாராம். கொட்டாஞ்சேனையில் என் கணவரின் உறவினர், நிலவைப் பார்த்த தோஷத்தால் எனக்குக் கண் மங்கியது என்கிறாராம். என் கண்ணுக்கு நாற்பது வயதில் எல்லாருக்கும் வருகிற வெள்ளெழுத்துத்தான் வந்திருக்கிறது. மேகம் அன்று இருக்கவே இல்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அற்புதம் சேர்க்க வேண்டாம், தோஷமும் சேர்க்க வேண்டாம். என் கணவர் கண்ணை மூடி நின்றதை வெட்கமென்று விட்டுவிட வேண்டாம், அவர் பையை விடாமல் பிடித்ததையும் விட வேண்டாம். பயத்தில் நான் அழித்ததை மறக்காமல் சொல்லுங்கள். மூலையில் இருக்கிற புள்ளியைத் துடைக்காதீர்கள்.