டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் முதல் பொட்டு எப்போதும் அம்மாவின் உளிக்குத்தான். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களுக்குச் சோறு போட்ட உளி அது. நான் நாலாம் வகுப்புப் படித்த ஆண்டு, அதன் பக்கத்தில் கறுப்பாய், சதுரமாய் ஒரு கம்ப்யூட்டர் டிஸ்க்கும் வந்து உட்கார்ந்தது.

டிஸ்க் சித்தியுடையது. எங்களோடு இருந்துகொண்டு, ஈப்போவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்வந்தாள். அங்கே ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தவருக்கு இரண்டு மடங்கு சம்பளம் என்று கேள்விப்பட்டதிலிருந்து, வேலை விட்டதும் வகுப்புக்கு ஓடினாள். வகுப்புக்கான பணத்தை அம்மாவின் உளி கட்டியது. கற்றுக்கொண்டு செய்த வேலையெல்லாம் அந்த டிஸ்க்கில் இருந்தது. பூஜைக்கு மறுநாள் அதை மேனேஜரிடம் காட்ட வேண்டும்.

சித்தி குளிக்கப் போயிருந்தாள். டிஸ்க்கில் ஓரிடம் மட்டும் உறையில்லாமல் பளபளவென்று தெரிந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள்.

வந்து பார்த்த சித்தி சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"ரொசாக் ஆயிடுச்சுக்கா. இனிமே ஓடாது."

"சம்பளம் குடுக்கிற சாமானுக்குப் பொட்டு வெக்காம வேற எதுக்கு வெப்பாங்க?" என்றாள் அம்மா. குரலில் மட்டும் வலுவில்லை. அன்று சுண்டலை நான் ஒருத்திதான் சாப்பிட்டேன்.

மறுநாள் சித்தி வெறுங்கையோடு போனாள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸில் வந்திறங்கிய சித்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டிஸ்க் கெட்டுப்போச்சுன்னேன். அப்ப இங்கேயே உக்காந்து அடிச்சிக் காட்டுன்னாங்க. காட்டினேன். அடுத்த மாசத்துலேர்ந்து ஆபீஸ் வேலைலா, அக்கா."

அம்மா அழுதுவிட்டாள். அழுது முடித்ததும், எல்லாம் சந்தனத்தின் மகிமை என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் நம்பி என் கணக்குப் புத்தகத்தில் அப்பிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு சித்தி பூஜைக்கு டிஸ்க் எதுவும் கொண்டுவரவில்லை. பத்து விரல்களையும் அம்மாவின் முன்னால் நீட்டினாள். "இதுக்கு வை அக்கா." அம்மா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் வைத்தாள். நானும் கையை நீட்டினேன்.

"இவளையும் அந்த வகுப்புல சேக்கப் போறேன்" என்றாள் சித்தி.

என் விரல்களுக்குச் சந்தனம் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. அந்த ஆண்டு உளிக்குக் கடைசியாகத்தான் ஒரு பொட்டு வைத்துவிட்டு, கையில் மிஞ்சியதை அம்மா சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த விரல்களுக்கும் யாராவது வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.